தோலும் தீட்டும்

இந்தக் கட்டுரையைப் படிப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். தோலால் ஆன சாமான்கள் எத்தனை இருக்கின்றன என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

வாசல்படிக்கு வெளியே செருப்பு. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற பெல்ட். சட்டைப் பையில் மணிபர்ஸ். அலமாரியில் உங்கள் ஹாண்ட்பாக். கைக்கடிகாரத்தின் வார். பையன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான் என்றால், கூடத்து மூலையில் உறை போட்டு வைத்திருக்கிற அந்த மிருதங்கம்.

சரி, இவற்றுக்கெல்லாம் நம் வீடுகளில் என்னென்ன சட்டம்? செருப்பு உள்ளே வரக் கூடாது. தெருவின் அழுக்கெல்லாம் அதில் இருக்கிறது, நியாயம்தான். ஆனால் கடையிலிருந்து அட்டைப் பெட்டியில் வந்த புதுச் செருப்பு, மண்ணையே மிதிக்காத செருப்பு, அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துப் பாருங்கள். "ஐயையோ, எடு அதை!" என்று குரல் வரும். அதே தோலில் செய்த ஹாண்ட்பாக் அதே மேஜைமேல் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். அதற்குள் கோவில் குங்குமப் பொட்டலம்கூட இருக்கும். மணிபர்ஸைத் திறந்தால் வெங்கடாசலபதி சிரிப்பார்.

மிருதங்கத்தைப் பாருங்கள். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் அதில் உண்டு. சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைக்கிறோம். பறையிலும் தோல்தான் இருக்கிறது. அதைச் சாவு வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டோம். மிருதங்கம் வாசிப்பவரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அதைத் தோல் போட்டுக் கட்டிக் கொடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. பாடகர் டி.எம். கிருஷ்ணா இப்படி மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றியே 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020-ம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். அதுவரை அவர்களைப் பற்றி எத்தனை பேர் யோசித்தோம்?

ஆக, தோல் ஒன்றேதான். ஒன்றை வாசலில் விடு, ஒன்றைத் தோளில் மாட்டு, ஒன்றுக்குப் பொட்டு வை என்று சட்டம் போட்டது யார்? மாடு போடவில்லை. தோலும் போடவில்லை. நாமெல்லோரும் சேர்ந்து பேசாமலே பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் அது.

ஆவாரம்பூவைக் கேளுங்கள்

நான் இருப்பது வேலூரில். எங்கள் ஊருக்கு இந்தப் பக்கம் மேல்விஷாரம், ராணிப்பேட்டை. அந்தப் பக்கம் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டம் எதுவானாலும் பாலாற்றங்கரை நெடுகத் தோல்தான் பிழைப்பு.

இப்போது குரோமிய உப்பைப் போட்டுச் சீக்கிரமாகத் தோலைப் பதனிட்டுவிடுகிறார்கள். அது வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்தில் தோல் பதனிட்டது எதை வைத்துத் தெரியுமா? ஆவாரம்பட்டையும் கடுக்காயும்! வாழைப்பூ நறுக்கும்போது கையில் பிடிக்கிற கறை, கெட்டி டீ குடித்தால் நாக்கில் தெரிகிற துவர்ப்பு, இவையெல்லாம் ஒரே குடும்பம். இந்தத் துவர்ப்புச் சத்து தோலிலுள்ள புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு தோல் அழுகாது. இதுதான் பதனிடுதல்.

ஆவாரை நமக்குப் புதிதா? பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூ வேண்டும். காயவைத்துப் பொடித்துக் குளியல் பொடியில் சேர்ப்போம். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பழமொழியே இருக்கிறது. கடுக்காயோ வீட்டு மருந்துப் பெட்டியில் எப்போதும் இருப்பது.

ஒரே செடி. பூ நம் வீட்டு வாசலில் மங்கலம். பட்டை ஊர்க் கோடியில், தோல் ஊறுகிற தொட்டியில். அந்தத் தொட்டியில் கைவிட்டவரின் கைக்குத் தீட்டு. செடிக்கு இதெல்லாம் தெரியுமா என்ன?

ராத்திரி எட்டு மணிக்கு நடந்தது

'ஒப்பந்தம்' என்று சொல்கிறேனே, அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் உதாரணம். 2016-ம் ஆண்டு நவம்பர் 8-ம் தேதி ராத்திரி எட்டு மணி. பிரதமர் டெலிவிஷனில் வந்து, அன்று நள்ளிரவிலிருந்து ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்.

நம்மில் யாருக்கு அந்த ராத்திரி மறக்கும்? அரிசி டப்பாவிலும், அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும், பட்டுப்புடவை மடிப்பிலும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்தோமே! மறுநாள் காலையில் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால் அதே காகிதம், அதே மை, அதே காந்தி. ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் பால்காரர் வாங்க மாட்டேன் என்றார். டிசம்பர் 30-ம் தேதிக்குள் பாங்கில் கட்டிவிட வேண்டும் என்று வரிசையில் நின்றோம்.

காகிதத்தின் மதிப்பு காகிதத்தில் இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது. 'இதை நான் வாங்கிக்கொண்டால் அடுத்தவரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்' என்று எல்லோரும் நம்புகிறோம் பாருங்கள், மதிப்பு அதில்தான் இருக்கிறது.

சமூகவியல் படித்தவர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பீட்டர் பெர்கர், தாமஸ் லுக்மான் என்ற இரண்டு அறிஞர்கள் 1966-ல் எழுதிய புத்தகம் இதில் பேர் பெற்றது. அவர்கள் சொல்வதை நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். நாலு பேர் சேர்ந்து ஒரு காரியத்தை ஒரு விதமாகச் செய்ய ஆரம்பிக்கிறார்கள். அது பழக்கமாகிறது. பழக்கம் வழக்கமாகிறது. ஆரம்பித்தவர்களுக்கு 'இது நாம் வைத்த ஏற்பாடு' என்று தெரியும். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. குழந்தை பிறந்து கண் விழிக்கும்போதே அந்த ஏற்பாடு மலையைப் போல நின்றுகொண்டிருக்கிறது. "ஏம்மா இப்படி?" என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்று பதில் வருகிறது. அந்த 'அப்படித்தான்' என்ற ஒரு வார்த்தையில் மனிதர் வைத்த ஏற்பாடு இயற்கையின் விதியாக மாறிவிடுகிறது!

தோலுக்கு நாம் ஒட்டிவிட்ட தீட்டு இப்படி வந்ததுதான். செத்த மாட்டை அப்புறப்படுத்துகிற வேலையையும் தோல் வேலையையும் சில ஜாதியாரின் தலையில் கட்டினார்கள். பிறகு, "தோலைத் தொடுகிறவர்கள், அதனால் தள்ளி நில்லுங்கள்" என்றார்கள். வேலையில் தள்ளியதும் நாமே, அந்த வேலையைக் காட்டி ஒதுக்கியதும் நாமே.

தீட்டு நிஜமாகத் தோலில்தான் இருக்கிறது என்றால், தோலைத் தொடுகிற எல்லோருக்கும் அது ஒட்ட வேண்டுமல்லவா? தோல் வியாபாரம் செய்கிற முதலாளி கார் விட்டு இறங்கினால் கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி காத்திருக்கிறது. அவருக்கு ஒட்டவில்லை. தொட்டியில் இறங்கியவரின் பேத்தி டீச்சராகி, பிறந்ததிலிருந்து பச்சைத் தோலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்க எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். அவளுக்கு மட்டும் ஒட்டியிருக்கிறது. தொட்டவரை விட்டுவிட்டுத் தொடாதவரைப் பிடிக்கிற அழுக்கு உலகத்தில் உண்டா?

விலை மட்டும் நிஜம்

"எல்லாம் மனசுதானே, அப்ப விட்டுத் தள்ளுங்க" என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் டபிள்யூ.ஐ. தாமஸ் என்ற அறிஞர், டாரதி ஸ்வைன் தாமஸ் என்ற பெண்மணியுடன் சேர்ந்து, குழந்தைகளைப் பற்றி 1928-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு கருத்து வருகிறது. ஒன்றை நிஜம் என்று மனிதர்கள் நம்பிவிட்டால், அது நிஜமோ இல்லையோ, அதனால் வருகிற விளைவுகள் நிஜமாகிவிடும் என்பது அதன் சாரம். தீட்டு கற்பனைதான். ஆனால் அதற்காகக் கிடைக்காமல் போகிற வாடகை வீடும், தனியாக வைத்த டம்ளரும், நின்றுபோன கல்யாணமும் கற்பனையா?

எங்கள் பக்கத்துப் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970-களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இங்கேயே பொருளாகச் செய்து அனுப்பினால் நாட்டுக்கு லாபம் என்பது எண்ணம். அதற்குப் பிறகு இங்கே ஷூ கம்பெனிகள் பெருகின. அவற்றில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். காலையில் பார்த்தால் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். தூக்குச்சட்டியும் தலையில் பூவுமாக நிற்பார்கள். அவர்கள் தைத்த ஷூ ஐரோப்பாவின் பெரிய கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்.

ஆம்பூரிலிருந்து வருகிற பஸ்ஸில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும்.

"எங்கம்மா வேலை பாக்கறே?"

"எக்ஸ்போர்ட் கம்பெனிலக்கா."

"என்ன எக்ஸ்போர்ட்?"

"ஷூதாங்க்கா. அப்பர் தைக்கறேன்" என்றவள் சிரித்துவிட்டாள். "யாராவது கேட்டா தோல் கம்பெனின்னு சொல்லாதே, எக்ஸ்போர்ட்னு சொல்லுன்னு எங்கம்மா சொல்லிகீறாங்க. பொண்ணு பாக்க வர்றாங்க இல்ல? தோல்னு சொன்னா வாடை அடிக்குமாம். எக்ஸ்போர்ட்னு சொன்னா அடிக்காது போல கீது!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டாள்! கடைக்காரர் "ஒரிஜினல் லெதர், மேடம்" என்று சொன்னால் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதையே தமிழில் 'தோல்' என்றால் முகத்தைச் சுளிக்கிறோம். ஆங்கிலப் பெயர் பொருளின் விலையை ஏற்றுகிறது. தமிழ்ப் பெயர் அதைச் செய்தவளின் மதிப்பை இறக்குகிறது.

தீட்டுக்கு ரிசர்வ் பாங்க் எது?

நோட்டு செல்லாது என்றார்கள், ஒரே ராத்திரியில் செல்லாமல் போய்விட்டது. தீண்டாமை செல்லாது என்றும் சட்டம் சொல்லிவிட்டதே! 1950 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிற நம் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தனிச் சட்டமே வந்தது. ஏழு தலைமுறைப் பழக்கம் போகவில்லையே, ஏன்?

எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான். ரூபாய் நோட்டு கடைசியில் பாங்குக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அங்கே 'வாங்க மாட்டேன்' என்றால் முடிந்தது. தீட்டு என்கிற நோட்டு எந்தப் பாங்குக்கும் போவதில்லை. அதை அச்சடிப்பதும், செல்லும் என்று வாங்கிக்கொள்வதும் நம் வீடுகள். எந்த டம்ளர் யாருக்கு, யார் கூடம் வரை வரலாம், யார் சமையலறை வரை வரலாம், குழந்தை யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எந்த இடத்தில் பெண் எடுக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்கிற இடம் நம் சமையலறை. தில்லியில் சட்டம் போட்டவர்களுக்கு இந்த அறைக்குள் வர வழியில்லை.

ஜாதி என்பது செங்கல்லால் கட்டிய சுவரல்ல, மனத்தில் இருக்கிற எண்ணம் என்று டாக்டர் அம்பேத்கர் 1936-லேயே எழுதினார். சுவராக இருந்தால் ஆள் வைத்து இடித்துவிடலாம். மனத்தில் இருப்பதை அவரவர்தான் இடிக்க வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நீங்கள் பத்துப் பெண்களைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. மாமியார் என்ன சொல்வாங்களோன்னுதான்..." என்பார்கள். மாமியாரைக் கேட்டால், "எனக்கென்னம்மா, நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னுதான்..." என்பார். அந்த நாலு பேரையும் தேடிப்போனால் அவர்களும் நம்மைத்தான் கைகாட்டுவார்கள்! ஒருவருமே மனப்பூர்வமாக நம்பாத ஒன்றை, அடுத்தவர் நம்புகிறார் என்பதற்காக எல்லோருமாகக் காப்பாற்றி வருகிறோம்.

எல்லாமே நம் பேச்சைக் கேட்காது

எல்லாமே மனிதர்கள் ஒத்துக்கொண்டதால்தான் நிஜமா என்றால், அதுவும் இல்லை. தீட்டு வேறு, அழுக்கு வேறு. நாம் ஒத்துக்கொள்வதை நிறுத்தினால் தீட்டு மறைந்துவிடும். அழுக்கு மறையாது. இந்த வித்தியாசத்தை எங்கள் பாலாற்றைப் போலச் சொல்லிக்கொடுத்தது வேறு ஒன்றும் இல்லை.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். முடியை நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும் போடுவார்கள். பதனிடக் குரோமியம். கடைசித் தோல் ஒரு கிலோ வருவதற்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவு, கிட்டத்தட்ட மூன்று குடம். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வருஷக்கணக்கில் பாலாற்றுக்கும் நிலத்துக்கும்தான் போனது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது, நிறம் மாறியது. தென்னை காய்ந்தது. நல்ல தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது யார் என்று சொல்லவே வேண்டாம்.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்சு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டதை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய முக்கியமான வழக்குகளில் எங்கள் ஊர்ப் பெயர் தாங்கிய அந்த வழக்கும் ஒன்று. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரி 30-ம் தேதி பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு போய்ச் சேர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது.

2015 ஜனவரி 31-ம் தேதி விடியற்காலையில் ராணிப்பேட்டையில் கழிவுநீர் நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சகதியில் மூழ்கி இறந்துபோனார்கள். மூடிய கழிவுத் தொட்டிக்குள் உண்டாகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, உள்ளே இறங்குகிறவரை ஒரு மூச்சில் சாய்த்துவிடும். 'ஒன்றும் ஆகாது' என்று ஊரே சேர்ந்து ஒத்துக்கொண்டாலும் அந்த வாயு கேட்காது. இறங்குகிறவர் எந்த ஜாதி என்றும் பார்க்காது.

பாருங்கள், எவ்வளவு தலைகீழாக இருக்கிறது! இல்லாத தீட்டுக்காகத் தொழிலாளியைத் தள்ளி வைத்தோம். இருக்கிற விஷத்தைப் பற்றி வெகு காலம் வாயே திறக்கவில்லை. தீட்டு என்று பெயர் வைத்துவிட்டதால், 'அது அவங்க தலையெழுத்து' என்று சும்மா இருக்க முடிந்தது. அழுக்கு என்று சரியாகப் பெயர் சொல்லியிருந்தால், கையுறை எங்கே, வடிகால் எங்கே, நல்ல தண்ணீர் எங்கே என்று கேட்டிருப்போம்.

நாம் முன்பே ஒருமுறை செய்திருக்கிறோம்

"இதெல்லாம் நூறு வருஷப் பழக்கம், நாம் ஒருத்தி மாறி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பீர்கள். தீட்டு என்ற வார்த்தை நமக்கு அந்நியமில்லையே, சகோதரிகளே! மாதம் மூன்று நாள் அதே வார்த்தை நம் மேலும் ஒட்டப்பட்டிருந்தது. நம் பாட்டிமார்கள் கொல்லைப்புறத்துத் தாழ்வாரத்தில் தனித் தட்டு, தனிப் பாயோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுவிடும் என்றார்கள். செடியைத் தொட்டால் வாடும் என்றார்கள்.

இன்றைக்கு எத்தனை வீடுகளில் அப்படி உட்காருகிறோம்? சில இடங்களில் இன்னமும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பல வீடுகளில் சத்தமில்லாமல் போய்விட்டது. எந்தச் சட்டமும் போடவில்லை. தனிக் குடித்தனம் வந்தது. சமைக்க வேறு ஆளில்லை. பெண் பள்ளிக்கூடம் போக வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். அம்மாக்கள் ஒவ்வொருவராக, "பரவாயில்லை, உள்ளே வா" என்றார்கள். ஊறுகாய் கெடவில்லை. செடியும் வாடவில்லை. அடுத்த வீட்டம்மா பார்த்தாள், அவளும் விட்டாள். இரண்டு தலைமுறையில் அந்த நோட்டு செல்லாக்காசாகிவிட்டது.

நமக்கு ஒட்டியிருந்ததை நாமே உதறியிருக்கிறோம். பிறர்மேல் நாம் ஒட்டி வைத்ததையும் எடுக்க நம்மால்தான் முடியும்.

வீட்டில் செய்யக்கூடியவை

குழந்தை "ஏன்?" என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்று சொல்லாதீர்கள். காரணம் இருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள். "செருப்பில் தெரு அழுக்கு இருக்கு, கிருமி இருக்கு, அதனால வெளியே விடு" என்றால் குழந்தைக்குப் புரியும். காரணமே சொல்ல முடியாத விதி எதுவென்று அப்போது நமக்கும் தெரிந்துவிடும்.

வேலைக்கு உதவ வருகிறவருக்கும், சாக்கடை சுத்தம் செய்ய வருகிறவருக்கும், செருப்புத் தைக்கிறவருக்கும் நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காப்பியோ தண்ணீரோ கொடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் எந்த டம்ளரும் சுத்தம்தான். இதைக் குழந்தைகள் பார்க்கும்படி செய்யுங்கள். பேச்சில் சொல்வதைவிட அது நன்றாக ஏறும்.

வீட்டில் யாராவது டேனரியில் வேலை பார்த்தால், வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தீட்டுக்காக இல்லை, ரசாயனம் மற்றத் துணியில், முக்கியமாகக் கைக்குழந்தைத் துணியில் படக்கூடாது என்பதற்காக. வந்தவுடன் கை கால் கழுவச் சொல்லுங்கள். கையுறையும் பூட்ஸும் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். மூடிய தொட்டிக்குள் இறங்கச் சொன்னால் மறுக்கச் சொல்லுங்கள்.

புது ஷூ போட்ட பிறகு குழந்தையின் புறங்காலில் அரிப்பும் தடிப்பும் திரும்பத் திரும்ப வந்தால், தோலில் மிச்சமிருக்கிற குரோமியம் ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம். சிலர் உடம்புக்கு அப்படி உண்டு. பருத்தி சாக்ஸ் போடுங்கள், தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கல்யாணப் பேச்சில் "பொண்ணு எங்கே வேலை செய்யறா?" என்று கேட்பதில் தவறில்லை. "ஷூ கம்பெனியில்" என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி, "வேலை நேரம் எப்படி, பி.எஃப். பிடிக்கிறார்களா?" என்று இருக்கட்டும்.

இன்னொன்று. நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது "தோல்காரங்க..." என்று இழுத்தால், சண்டை போட வேண்டாம். "அதனால என்னங்க?" என்று கேளுங்கள். அவ்வளவு போதும். 'எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள்' என்ற நம்பிக்கையில் ஓடுகிற வண்டி இது. ஒரு பெண் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள மறுத்தால், மனத்துக்குள் மறுத்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர் வாய் திறப்பார்கள்.

பஸ்ஸில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கலாம். அவளுக்கு ஒரு மகள் பிறந்து, பள்ளிக்கூடத்தில் "உங்க அம்மா என்ன வேலை செய்யறாங்க?" என்று டீச்சர் கேட்டால், "எங்கம்மா தோல்ல ஷூ தைக்கறாங்க" என்று அந்தக் குழந்தை பட்டென்று சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நம் குழந்தை நகர்ந்து உட்காராமல் இருக்க வேண்டும். முதலாவது அவள் கையில். இரண்டாவது நம் கையில் இருக்கிறது, சகோதரிகளே!